இருட்டைப் படம் பிடித்தவள்

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே அவள் வெறும் 'அவள்'தான். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் கை அந்த மரியாதையைத் தர மறுக்கிறது. பொறாமைதான், வேறென்ன? மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் நான் வேலை பார்த்தேன். றொசல்லையிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவேன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவள். நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை மறைப்பது, கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை எடுப்பது, கன்னத்தைக் கொஞ்சம் பூசினாற்போல் காட்டுவது, எல்லாம் என் கைவேலை. பிறகு முதலாளி கொம்பியூட்டர் வாங்கிப்போட்டார். பென்சிலில் செய்ததை மௌஸில் செய்யக் கற்றுக்கொண்டேன். கலியாணத்துக்குப் பெண்ணின் படம் கொடுக்க வேண்டும் என்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து என்னைத் தேடித்தான் வருவார்கள்.

முதலாளி ஹட்டன் முஸ்லிம். நல்ல மனுஷர். நுவரெலியாவில் இன்னொரு ஸ்டூடியோ திறக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. "அது தொறந்தா நீதான் புள்ள பொறுப்பு, சாவி ஒன் கையிலதான்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். தோட்டத்துத் தொழிலாளர்கள் வாழும் எங்கள் லயத்தில் ஒரு பெண் கையில் கடைச் சாவி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சாவியை நினைத்துக்கொண்டே நான் ரயிலில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக் கதவு, எனக்கென்று ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஆள் கிடையாது.

அப்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள்.

போர்நிறுத்தம் வந்திருந்த காலம். அவளுடைய கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்திருந்தார். அவள் கொழும்பில் படம் கழுவும் பெரிய இடமொன்றில் சில வருஷம் இருந்தவளாம். முதலாளி புதிதாக டிஜிட்டல் கமரா வாங்கியிருந்தார். அதைக் கையாள ஆள் தேவை என்று அவளைச் சேர்த்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், காதில் சின்னத் தோடு. பார்த்தால் ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. நானும் பயப்படவில்லை.

கமராவைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று எல்லோரும் சுற்றி நின்றோம். முதலாளி முதல் படம் தன்னைத்தான் எடுப்பாள் என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவள் லென்ஸுக்கு மூடியைப் போட்டாள். அதற்கு மேல் ஒரு கறுப்புத் துணியைச் சுற்றினாள். பிறகு கிளிக், கிளிக் என்று எடுக்கத் தொடங்கினாள்.

"மகள், மூடியக் கழட்ட மறந்துட்டீங்க போல" என்றார் முதலாளி.

"மறக்கேல்லை. இருட்டைத்தான் எடுக்கிறன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சேர்ந்து சிரித்தாள், கோபமே இல்லாமல். பிறகு அந்தப் படங்களைக் கொம்பியூட்டரில் போட்டு வெளிச்சத்தை ஏற்றிக் காட்டினாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள்.

"வெளிச்சமே உள்ளுக்குப் போகேல்லை. எண்டாலும் பாருங்கோ, இல்லாததை இருக்கெண்டு சொல்லுது. எவ்வளவு பொய் சொல்லுது எண்டு முதல்ல தெரிஞ்சால்தான் பிறகு அது சொல்லுற உண்மையை நம்பலாம்."

"மணலு தூவுன மாதிரி இருக்குங்க" என்றேன் நான்.

"ஓம், மணல்தான்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் அதற்கு மணல் என்றே பெயர். என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். மற்றதெல்லாம் அவளிடமே இருந்தது.

சோதிக்காமல் எதையும் நம்பமாட்டாள். அதுதான் அவள். குடையைக் கடைக்குள்ளேயே ஒருதடவை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். தேநீரில் சீனி போட்டாயிற்று என்று சொன்னாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். நான் ஏதாவது அடித்துச் சொன்னால் ஒரே கேள்விதான். "பாத்தனீரோ, நினைச்சனீரோ?" எங்கள் பக்கத்தில் 'நீர்' என்பது மாதா கோயில் ஜெபத்தில்தான் வரும். முதல் வாரம் முழுக்க எனக்கு யாரோ ஜெபம் சொல்கிற மாதிரியே இருந்தது. ஆனால் நான் அடித்துச் சொல்வது பெரும்பாலும் நினைத்ததுதான், பார்த்ததில்லை. அதை அவள் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு ஆகாது. "பாத்தேன்" என்று சொல்லிவைப்பேன்.

காலையில் கடை திறந்ததும் சாம்பல் நிறத் துணியொன்றைச் சுவரில் தொங்கவிட்டு அதையே படம் எடுப்பாள். இருநூறில் ஒன்று, நானூறில் ஒன்று, எண்ணூறில் ஒன்று என்று கமராவின் உணர்திறனை ஏற்றிக்கொண்டே போவாள். ஏற்ற ஏற்ற மணல் கூடும். ஒருநாள் கமராவை ஜன்னலுக்கு வெளியே பனியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். பிறகு கேத்தல் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். மூடி போட்டபடி ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த படங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுப்பங்கரைப் படத்தில் மணல் அள்ளிக் கொட்டியிருந்தது.

"குளிரில மணல் குறையுது. உங்கட ஊர் கமராவுக்கு நல்ல ஊர்" என்றாள்.

முதலாளிக்குப் பிடிபடவில்லை, ஆனால் பிடித்துவிட்டது. கொழும்பிலிருந்து வரும் வியாபாரிகளிடமெல்லாம், "எங்கட ஹட்டன் குளிருக்குத்தான் படம் இப்படிச் சுத்தமா வருது" என்று பெருமையடிக்க ஆரம்பித்தார். நான் பிறந்ததிலிருந்து அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் இப்படியொரு பெருமை இருப்பதை அவள் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில்தான் முதலாளியின் பேச்சு மாறியது. நுவரெலியாக் கடையைப் பற்றிக் கேட்டால், "பாப்போம் புள்ள" என்பார். முன்பு அந்தப் 'பாப்போம்' கிடையாது. அந்த ஒரு சொல்லை நான் ரயில் முழுக்கச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஒரேயொரு தடவை அவள் சறுக்கினாள். கினிகத்தேனையில் ஒரு கலியாணம். மண்டபத்தில் மஞ்சள் பல்புகள். பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தால் மணப்பெண்ணின் முகத்தில் எண்ணெய் வழிகிற மாதிரித் தெரியும் என்று ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்தாள். படம் வந்ததும் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து நின்றார்.

"என்னாம்மா இது, எம்மக மொகத்துல ரவையக் கொட்டி வச்சிருக்கு?"

எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஓம், என்ர பிழை. நான் இந்த ஜன்னல் வெளிச்சத்திலதான் சோதிச்சனான். மஞ்சள் பல்பில நீலத்துக்கு வெளிச்சம் காணாது, மணல் முழுக்க அதிலதான் ஏறும். அதைப் பாக்கேல்லை" என்றாள். பிழையை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள முடியுமா? ஒரு முகச்சுளிப்பாவது வேண்டாமா?

"நான் சரி பண்ணித் தாறேங்க" என்று நான் முந்திக்கொண்டேன். உட்கார்ந்து அந்த முகத்தை மெழுகினேன். மணல் போயிற்று, கன்னம் வழவழவென்று வந்தது, நிறமும் ஒரு படி ஏறியது. பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எல்லோர் முன்னாலும், "இதுக்குத்தான் எங்கட புள்ள வேணுங்கிறது" என்றார். அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வீடு வரை நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவேயில்லை.

மறுநாள் அவள் என் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மட கை நல்ல கை. ஆனா பாரும், மணலோட சேர்ந்து கூறைச்சேலையின்ர ஜரிகையும் போயிட்டுது. புருவத்தில மயிரும் இல்லை."

"அவுங்க சந்தோஷமாத்தானே வாங்கிட்டுப் போனாங்க?"

"ஓம். அது சரிதான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வீட்டிலிருந்து ஒரு பட்டுச் சேலைத் தலைப்பு, ஒரு பேன்சீப்பு, தட்டில் கொஞ்சம் குரக்கன் தானியம் எல்லாம் கொண்டுவந்து மேசையில் பரப்பி, மஞ்சள் பல்பைப் போட்டுப் படம் எடுத்தாள். என்னைக் கூப்பிட்டு, "நீர் நேற்றுச் செய்த மாதிரியே இதுக்கும் செய்யும். எவ்வளவு மெழுகினால் சீப்பின்ர பல் மறையுது எண்டு பாப்பம்" என்றாள். குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் அவளைத் தோற்கடித்திருந்தேன், அது அவளுக்குத் தெரியவேயில்லை. அவளுக்கும் என்மேல் கொஞ்சம் பொறாமை வந்திருந்தால் நாங்கள் சிநேகிதிகளாகக்கூட ஆகியிருப்போம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அக்கரப்பத்தனை.

அங்கே ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். கண் ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பலமான வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு அப்பாவின் படம் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக வேண்டும். முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நுவரெலியாக் கடைய மழைக்கு முன்னுக்குத் தொறக்கணும். ரெண்டு பேரும் எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றார். எதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை.

லயத்து அறை. சின்ன ஜன்னல், வெளியே மூடுபனி. ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது. நான் முதலில் எடுத்தேன். இது என் இடம், என் சனம், பேச்சுக் கொடுக்கத் தெரியும் எனக்கு. "தாத்தா, ஏன் இப்படி வெறச்சுப்போய் ஒக்காந்திருக்கீங்க? தோள எறக்குங்க, கொஞ்சம் சிரிங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் கமரா முன்னால் சிரிக்கமாட்டார்கள். ஆணியடித்த மாதிரி உட்காருவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்களை இளக வைக்கத்தான் நான் போராடிக்கொண்டிருந்தேன். உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றி எடுத்தேன். கமராவின் சின்னத் திரையிலேயே மணல் தெரிந்தது.

அவள் முக்காலியை ஊன்றி அதன்மேல் கமராவைப் பொருத்தினாள். பெரியவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஐயா, கொஞ்ச நேரம் ஆடாமல் இருப்பியளோ?"

"ஆடாம இருக்கணுமா? அதுக்கென்னங்க. போட்டா புடிக்கிறப்ப நாங்க மூச்சே விடமாட்டோம். ஆடுனா படம் கெட்டுப்போகும்னு அந்தக் காலத்துல தொரை பங்களாவுக்கு வந்த போட்டாக்காரன் மெரட்டி வச்சிட்டுப் போயிட்டான். எங்கப்பனையும் மெரட்டுனான், என்னையும் மெரட்டுனான்."

அவள் முகம் மலர்ந்துபோனது. "அப்பிடியே இருங்கோ. ஒரு கிளிக்குக்கும் அடுத்ததுக்கும் இடையில கண்ணைச் சிமிட்டலாம், மூச்சும் விடலாம்."

பெரியவர் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். அவள் எடுத்தாள், திரும்ப எடுத்தாள், அதையே திரும்பத் திரும்ப எடுத்தாள். அவர் அசையவில்லை. கடைசியில் லென்ஸுக்கு மூடியைப் போட்டு இருட்டையும் சில தடவை எடுத்தாள். பெரியவரின் மருமகள் என் காதில், "மூடி போட்டிருக்காங்களே, அவுங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். "அவுங்களுக்குத் தெரியும்" என்றேன். சொல்லும்போதே கசந்தது.

கடைக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"பாரும், முகம் எல்லாப் படத்திலயும் ஒரே இடத்தில இருக்கு. மணல் மட்டும் ஒவ்வொண்டிலயும் வேற வேற இடத்தில விழுது. எல்லாத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மணல் ஒண்டை ஒண்டு அழிக்கும், முகம் நிக்கும். ஒரே இடத்தில நிக்கிற புள்ளியள் கமராவின்ர பொய். அதை இருட்டுப் படத்தை வச்சுக் கழிச்சுவிடலாம்."

திரையில் மணல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பெரியவர் வந்தார். தாடையில் இரண்டு நாள் நரைமுடி, நெற்றிச் சுருக்கம், புருவத்தின் ஒவ்வொரு மயிர், சட்டைக் காலரின் நூல். ஒரு இடத்தில்கூட மெழுகு இல்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். படம் நன்றாக இருந்ததற்காக அல்ல. நல்ல படம் நானும் பார்த்திருக்கிறேன். அந்த அசையாமை என் சனத்துடையது. என் அப்பா அப்படித்தான் உட்காருவார், என் பெரியம்மா அப்படித்தான் உட்காருவார். நான் அதைக் குறையென்று நினைத்துத் திருத்திக்கொண்டேயிருந்தேன். எங்கிருந்தோ வந்தவள், ஒரு பகல்பொழுதில், அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்துவிட்டாள். அது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்! கடவுள் கொடுக்கிறவர் கொஞ்சம் ஆளைப் பார்த்துக் கொடுக்கக்கூடாதா?

முதலாளி படத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். மழைக்கு முன்னால் நுவரெலியாக் கடை திறந்தது. சாவி அவள் கைக்குப் போனது.

அவளிடம் சாவியைக் கொடுத்த அன்று அவள் என்னிடம் வந்து, "இது உமக்கெண்டு சொன்னதாமே? எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் உம்மைக் கேட்டிருப்பன்" என்றாள். முதலாளியிடமும் போய், சாவி எனக்கென்று சொன்னதாயிற்றே என்றாளாம். அவர் கேட்கவில்லை. அவள் மேல் பழி போடக்கூட எனக்கு இடம் வைக்காமல் போனாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இரண்டு வருஷம் போல அவள் அங்கே இருந்தாள். கணவருக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் வந்தது, கிளம்பிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு நுவரெலியாவுக்குப் போகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கடை, அதே கண்ணாடிக் கதவு. இன்னொருத்தி உடுத்திவிட்டுத் தந்த புடவை மாதிரிதான் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, முதல்நாள் அந்தக் கதவை ஒருதடவை திறந்து, பூட்டி, திரும்பவும் திறந்தேன்.

அன்று முதலில் வந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். மலையிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள். ஸ்டூலில் போய் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, உள்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அந்த அக்கா இல்லீங்களா?"

"யாழ்ப்பாணம் போயிட்டாங்க. இனி நான்தாங்க. ஒக்காருங்க, எடுக்கிறேன்."

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "இல்லீங்க, பொறவு வாறேன். எங்க வூட்டுக்காரருக்கு அந்த அக்காதான் எடுத்துக் குடுத்தாங்க. அவரு தவறிட்டாரு. அது பக்கத்துல மாட்டுறதுக்கு எனக்கும் ஒண்ணு, அதே மாதிரி வேணும்" என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கினாள்.

அவளைப் போகவிட்டிருக்கலாம். எத்தனையோ பேர் வருவார்கள். ஆனால் அந்தச் சாவி கையில் இருந்தும் என்னிடம் ஒரு முகம்கூட நிற்கவில்லை என்றால், அது எதற்கு எனக்கு? நான் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினேன்.

"நில்லுங்க! அந்த அக்கா எடுக்கிற மாதிரியே எடுத்துத் தாறேங்க!"

என் வாழ்க்கையில் தொண்டையை விட்டு வர இத்தனை சிரமப்பட்ட வார்த்தை வேறு இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியும். பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்."

வந்து உட்கார்ந்தாள். நான் முக்காலியை ஊன்றினேன். சிரிக்கச் சொல்லவில்லை, தோளை இறக்கச் சொல்லவில்லை. எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மூடியைப் போட்டு இருட்டையும் எடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் படத்தை வாங்க வந்தாள். கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மெழுகு இல்லை, மணலும் இல்லை. அவள் மட்டும் இருந்தாள். அதைவிட நல்ல படம் நான் அதற்கு முன்னால் எடுத்ததில்லை.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா வந்திருக்குன்னு அந்த அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.